படம் மங்கலாத் தெரியுது

அம்புரோஸ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிலோமினா டிவி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். அம்புரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டதில்லை. ஏன் இதையே பார்க்கிறாய் என்று அவரும் கேட்டதில்லை. கடலை விட்டு அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்து வந்தது.

அவள் பார்ப்பது தம்பி மகள் விஜிலாவின் கல்யாண டிவிடி. இரண்டாயிரத்துப் பதினொன்று ஜனவரியில் நடந்த கல்யாணம். கல்யாணப் பொண்ணைப் பார்ப்பதற்காக அவள் அதைப் போடுவதில்லை. கோயிலுக்குள் பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜெமிமா வருவாள். ஜெமிமா இவர்களுடைய ஒரே மகள். அப்போது இருபத்தோரு வயது, நர்ஸிங் மூன்றாம் வருஷம். சந்தன நிறச் சேலையில் பீடத்துப் படியேறி, வேதப் புத்தகத்தைப் பிரித்து, வாசகம் வாசித்துவிட்டு இறங்கிப் போவாள். மொத்தமே ஒன்றே முக்கால் நிமிஷம். பிலோமினா அதைப் பார்த்து முடித்ததும் திரும்பவும் முதலில் இருந்து ஓட்டுவாள். நாலு மணி வரைக்கும் அந்த ஒன்றே முக்கால் நிமிஷம்தான்.

அந்த வருஷம் அக்டோபரில் ஜெமிமாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் அவள் இல்லை.

அம்புரோஸ் அப்போது தோணியில் தண்டல். பத்து ஆளுக்கும் பாய்க்கும் எஞ்சினுக்கும் பொறுப்பானவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போகிற தோணி. கல்யாணத்தன்றும் அவர் கடலில்தான் இருந்தார், மகள் போன அன்றும் கடலில்தான் இருந்தார். மாலேயில் நங்கூரம் போட்டுக் கரைக்குப் போனபோதுதான் ஏஜென்ட் ஆபீஸில் சொன்னார்கள். அதற்குள் அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பார்க்கக் கிடைத்தது ஈரம் காயாத மண்மேடும் அதில் நட்டிருந்த ஒரு மரக்குருசும்தான்.

அதனால் அந்த டிவிடியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் ஜெமிமாவின் போட்டோ மாட்டியிருக்கிறது, அதைப் பார்ப்பார். அது அசையாது, பேசாது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. டிவிக்குள் அவள் நடந்து வந்து பேசுவாள் என்பதை நினைத்தாலே அவர் வாசலுக்குப் போய்விடுவார். பீச் ரோட்டில் போய் ஏதாவது ஒரு சுவரில் உட்கார்ந்து, நாலரை மணிக்கு டீ போடும் நேரத்துக்குத் திரும்பி வருவார்.

போன கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஞாயிறு. அவர் திரும்பி வந்தபோது பிலோமினா டிவி கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, படம் மங்கலாத் தெரியுது. அவ மொகத்துல பொகை அடிச்சாப்ல இருக்கு."

அம்புரோஸுக்கு உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்தது. நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைப் பிரித்து மாட்டின கை அவருடையது. மகள் விஷயத்தில் அவரால் செய்ய முடிந்தது என்று இதுவரை எதுவுமே இருந்ததில்லை. இப்போது ஒரு வேலை கிடைத்தது. டிஸ்க்கை சோப்புத் தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றினார். பிளேயரைக் கழற்றி லென்ஸைப் பஞ்சால் துடைத்தார். பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைப் போட்டு, ரோஜாப்பூவும் இரண்டு மோதிரமும் போட்ட முதல் படம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். வந்ததும், "சரியாப் போச்சுளா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்.

திரும்பி வந்தால் அவள், "அப்பிடியேதான் இருக்கு" என்பாள்.

இப்படியே தை போய், தவக்காலம் போய், ஈஸ்டரும் போனது.

மே மாதம் மெல்வின் லீவில் வந்தான். விஜிலாவின் தம்பி, கப்பலில் வேலை. அத்தையைப் பார்க்க வந்தவனிடம் பிலோமினா டிவியைப் பற்றிச் சொல்ல, அவன் பிளேயரைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இது அரதப் பழசு. அப்கன்வர்ட் பண்ற பிளேயர்னு ஒண்ணு இருக்கு. சாதா டிவிடியக்கூட ஹெச்டி மாதிரிக் காட்டும். கெடச்சா அத வாங்கிப் போடுங்க. ஜெமிமா பளிச்சுன்னு தெரிவா."

கடைசியில் அவன் சொன்னது மட்டும்தான் அம்புரோஸின் காதில் நின்றது. காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் 'அப்கன்வர்ட்' என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செந்தில்முருகன் கடை டபிள்யூஜிசி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருந்தது. சாத்தான்குளத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். டிவி விற்பதும் அவரே, பிரித்து ரிப்பேர் பார்ப்பதும் அவரே. அம்புரோஸ் தாளை நீட்டியதும் அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, டிவிடி பிளேயர் கேட்டு ஆள் வந்தே ரெண்டு வருஷமாச்சு. நீங்க அதுலயும் வகை சொல்லிக் கேக்குதிய."

"இருக்கா, இல்லியா?"

"ஒண்ணு கெடக்கு." ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். "சரி, உங்க டிவி என்ன டிவி?"

"பழசுதான். பெட்டி டிவி. இருபத்தோரு இஞ்ச்."

"பின்னால வயர் சொருகுத எடம் எப்பிடி இருக்கு? மஞ்சள், செவப்பு, வெள்ளன்னு மூணு ஓட்டையா? இல்ல, தட்டையா ஒண்ணு இருக்கா?"

"மூணு ஓட்டதான். வயர் மாத்துனதே நான்தான்."

செந்தில்முருகன் பெட்டியைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அப்ப இது உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. டிவிடில உள்ள படம் சின்னது. இந்த பிளேயர் அத இழுத்து, புது டிவிக்குத் தக்கன பெருசாக்கி அனுப்பும். ஆனா அப்பிடி அனுப்புதது தட்ட வயர்ல மட்டுந்தான். மூணு வயர்ல மாட்டுனா இதுவும் உங்க வீட்ல கெடக்கதும் ஒண்ணுதான்."

"நடுவுல டப்பா எதாவது மாட்டி..."

"மாட்டலாம். பிளேயர் பெருசாக்கும், டப்பா அத மறுபடி சின்னதாக்கும். உங்க டிவிக்கு அதுக்கு மேல காட்டத் தெரியாது."

"சரி, அப்ப டிவியும் புதுசா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் கையை டிவி வரிசையின் பக்கம் நீட்டவில்லை. "என்ன படம் பாக்கதுக்கு இவ்வளவும்?" என்று கேட்டார்.

"கல்யாண டிவிடி. பன்னெண்டு வருஷம் ஆச்சு. அதுல எம்மவ வாரா. மொகம் தெளிவாத் தெரியணும். அவ்வளவுதான்."

"மக இப்ப எங்கன இருக்காவ?"

அம்புரோஸ் கண்ணை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தார். "இல்ல" என்றார்.

செந்தில்முருகன் ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டார். அவர் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"கேமராவுல பதிஞ்சது எவ்வளவோ அவ்வளவுதான் அண்ணாச்சி. அதுல இல்லாத ஒண்ண எந்த மிஷினும் கொண்டு வந்து தராது. பெரிய டிவில போட்டா மொகம் பெருசாத் தெரியும், ஆனா கட்டங்கட்டமா ஒடஞ்சு தெரியும். நெசத்தச் சொன்னா, அந்த டிஸ்க்குக்கு உங்க பழைய டிவிதான் பொருத்தம். முந்தி தெளிவாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சுன்னுதான் சொல்லுதா, வீட்ல."

"நீங்க பாக்கலியா?"

அம்புரோஸ் காலண்டர் தாளை மடித்துத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார். செந்தில்முருகன் அதற்கு மேல் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஒரு மணிக்குக் கடையச் சாத்திருவேன். இந்த பிளேயரையும் சின்ன டிவி ஒண்ணையும் தூக்கிக்கிட்டு நானே வாரேன். மூணு விதமாவும் போட்டுப் பாப்போம். வேண்டாம்னா திருப்பி எடுத்துட்டு வந்துருதேன்."

சொன்னபடி அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பிலோமினா குசினியிலிருந்து வெளியே வந்து, "வாங்க தம்பி" என்றாள். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் மேசையின் விளிம்பில் பாதி வெளியே நிற்க, செந்தில்முருகன் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது அம்புரோஸ் வெளியே போக முடியாது. கதவோரமாக நின்றார். "முதல்ல இருக்கதுலயே போடுவோம்" என்று கடைக்காரர் பழைய பிளேயரில் டிஸ்க்கைத் தள்ளினார். ரோஜாப்பூ வந்தது, மோதிரம் வந்தது. பிலோமினா ரிமோட்டை வாங்கி, எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்த கணக்கில் அழுத்தினாள்.

ஜெமிமா படியேறி வந்தாள்.

அம்புரோஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மகள் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் ஒரு முடி பறந்து உதட்டில் ஒட்ட, அதை ஊதித் தள்ளினாள். உதட்டை நனைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். அவள் குரல் இப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். கொஞ்சம் கரகரப்பு, வரி முடியும் இடத்தில் ஒரு சின்ன இழுப்பு. மாலேயிலிருந்து அவர் போன் பண்ணும்போது, "அப்பா, எப்ப வாரிய" என்று கேட்பாளே, அந்த இழுப்பு. இத்தனை வருஷமாக எதற்குப் பயந்து வெளியே போனாரோ அது அவர் எதிரில் நடந்துகொண்டிருந்தது. பயந்த மாதிரியேதான் வலித்தது. ஆனாலும் அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. புருவத்துக்கு மேலே இருக்கும் சின்ன மச்சம்கூடத் தெரிந்தது. மங்கல் எங்கே இருக்கிறது?

"பாத்தியளா?" என்றாள் பிலோமினா. "பொகையா இருக்குல்லா?"

அம்புரோஸும் செந்தில்முருகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் புது பிளேயரை அதே டிவியில் மாட்டினார். படத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பிறகு தான் கொண்டுவந்த தட்டை டிவியை மேசையில் வைத்து, தட்டை வயரைச் சொருகினார். சேலையின் கரை கொஞ்சம் கூர்மையாகத் தெரிந்தது. முகம் இரண்டு இடத்தில் கட்டமாக உடைந்தது. அவர் கடையில் சொன்னதுதான்.

பிலோமினா நாற்காலியை டிவிக்கு ஒரு முழ தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதுலயும் அப்பிடியேதான் தம்பி. சுத்தி எல்லாம் தெரியுது. பூ தெரியுது, மெழுகுதிரி தெரியுது. மொகத்துல மட்டுந்தான் பொகை."

செந்தில்முருகன் டிவியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை நேராக இல்லை. பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பவளைப் போல ஒரு பக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தாள். அவர் எழுந்து அவளுக்கும் டிவிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அக்கா, நான் என்ன சட்ட போட்டிருக்கேன்?"

"நீலக் கட்டம்."

"எனக்கு மீச இருக்கா?"

பிலோமினா தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். செந்தில்முருகனுக்கு நல்ல அடர்ந்த மீசை. பின்னால் டிவியில் ஜெமிமா வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அம்புரோஸ் வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "எப்போல இருந்துளா?"

"தெரியல." அவள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "அரிசில கல்லு பாக்க முடியல. கோயில்ல சாமியார் யாருன்னு பேச ஆரம்பிச்சாத்தான் தெரியுது. வயசாவுதுன்னு இருந்துட்டேன். இவ மொகம் மறைஞ்ச அன்னைக்குத்தான் திக்குன்னு இருந்துச்சு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"டிவிதான் மங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். டிவின்னா ரிப்பேர் பண்ணிரலாம்லா?"

செந்தில்முருகன் வயர்களைக் கழற்றி, பழையபடி எல்லாவற்றையும் மாட்டினார். இரண்டு பெட்டிகளையும் கட்டி எடுத்துக்கொண்டார். வாசலில் அம்புரோஸின் கையைப் பிடித்து, "நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க அண்ணாச்சி. தள்ளிப் போடாதிய" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே போனார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, மத்தியானம்வரை உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு இளம் பெண். ஜெமிமா இருந்தால் இந்த வயதுதான் இருக்கும். நாம் எதை நேராகப் பார்க்கிறோமோ அதைக் காட்டுவது விழித்திரையின் நடுப்பகுதி என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். வலது கண்ணில் அந்த இடம் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில் பாதி போய்விட்டது. மாதாமாதம் ஊசி போட்டால் மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நடக்கலாம், வீட்டு வேலை பார்க்கலாம். போன பார்வை மட்டும் திரும்ப வராது.

"மொகம்?" என்று கேட்டாள் பிலோமினா. "மொகம் தெரியுமாம்மா?"

டாக்டர் அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள். "கஷ்டம்மா."

பிலோமினாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, சீட்டை மறந்துவிட்டதாகச் சொல்லி அம்புரோஸ் திரும்ப உள்ளே போனார். "ஆறு மாசம் முந்தி கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் கண்ணுக்கு எடுத்த படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "இடது கண்ண இன்னும் கொஞ்சம் நல்லா வச்சிருக்கலாம் ஐயா."

ஆட்டோவில் வரும்போது அவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, மின்விசிறியைப் போட்டு, அவளைக் கட்டிலில் உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஆறு மாசமா வயர மாத்திக்கிட்டுக் கெடந்தேன் பிலோமி. ஒரு நா, ஒரே ஒரு நா உம் பக்கத்துல உக்காந்து அதப் பாத்திருந்தேன்னா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். படம் நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்."

"நான்தான மாத்தச் சொன்னேன்" என்றாள் அவள்.

"நான் ஓடிப் போயிட்டேன். அவ போனப்பயும் நான் இல்ல. நீ தவிச்சப்பயும் நான் இங்கன இல்ல."

அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்புரோஸ் தரையில் உட்கார்ந்தபடியே அழுதார். மாலேயில் செய்தி கேட்டபோதும் கல்லறையில் நின்றபோதும் வராத அழுகை அது. சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மட்டும் கட்டிலிலிருந்து இறங்கி அவர் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கேயே கிடந்தது.

ஊசி போட ஆரம்பித்தார்கள். இரண்டு ஞாயிறு அவள் டிவி பக்கமே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்புரோஸ் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க போகலியா?"

"இல்ல."

ஜெமிமா படியேறி வந்தாள். பிலோமினா கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டாள். வாசித்து முடிந்ததும் அவரிடம் ரிமோட்டைக் கொடுத்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தோணியில் காற்று எந்தத் திசை, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சொன்ன வாய்க்கு இது புதுசு. "வாரா" என்றார். "சேல சந்தனக் கலரு. மைக்கக் கீழ எறக்குதா. முடி பறக்குது, ஊதுதா. இப்ப பொஸ்தகத்தப் பிடிச்சிருக்கா. இடது கைல, ஆள்காட்டி விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. இப்ப நிமிந்து..."

"எது ஒட்டியிருக்கு?"

"பிளாஸ்திரி."

"இல்லியே." பிலோமினா கண்ணைத் திறந்துவிட்டாள். "அவ கைல பிளாஸ்திரி எதுவும் இல்ல. நான் எத்தன தடவ பாத்திருக்கேன்."

அம்புரோஸ் படத்தை நிறுத்தி எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். புத்தகத்தின் அட்டைக்கு மேலே அந்த விரல். நகத்துக்குக் கீழே சுற்றி ஒட்டியது, ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது.

"இருக்குளா. நெசமாத்தான்."

அவள் எழுந்து வந்தாள். டிவி கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்த் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்க விரும்பிய இடத்தில் புகைதான் இருந்தது.

"எப்பிடிப் பட்டுச்சு? வெட்டிக்கிட்டாளா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"எனக்கு எப்பிடித் தெரியும் பிலோமி. நான் கடல்ல இருந்தேன்."

"நான் வீட்லதான இருந்தேன். நான்தான சேல கட்டி விட்டேன்." அவள் குரல் உடைந்தது. "பன்னெண்டு வருஷமா மொகத்த மட்டுந்தான் பாத்திருக்கேங்க. கையப் பாக்கவே இல்ல."

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். டிவியில் ஜெமிமா பாதி நிமிர்ந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த வெரல்?" என்று கேட்டு, பிலோமினா தன் இடது கையை விரித்து நீட்டினாள்.

அம்புரோஸ் அவளுடைய ஆள்காட்டி விரலைத் தொட்டு, நகத்துக்குக் கீழே சுற்றிப் பிடித்துக் காட்டினார். அவள் மற்றக் கையால் அந்த விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.